மருந்துடன் செல்ல வேண்டிய சொல்

மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் நோய் ஒழிந்துவிடும் என்று எண்ணுவது மனித இயல்பு. மலேரியாவைப் பொறுத்தவரை இந்த எண்ணத்தை ஒருமுறைக்கு இருமுறை பொய்யாக்கிய ஊர் ஒன்று உண்டு. அது கம்போடியாவின் மேற்கு எல்லையில், தாய்லாந்தை ஒட்டி அமைந்துள்ள பைலின்.

இரத்தினக் கற்களுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. சுரங்கத்திற்கும் காட்டுக்குமாக எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து குவிவதும், வேலை முடிந்ததும் கலைந்து போவதும் அங்கு வாடிக்கை. 1950-களின் இறுதியில், குளோரோகுயின் மாத்திரைக்கு அடங்காத மலேரியாக் கிருமி தலைகாட்டிய இடங்களுள் இந்த எல்லைப்புறமும் ஒன்றாகும். அந்தக் கிருமி நாளடைவில் ஆப்பிரிக்கா வரை சென்று எண்ணற்ற பச்சிளங்குழந்தைகளின் உயிரைக் குடித்தது.

பின்னர் வந்தது ஆர்ட்டிமிசினின். சீனத்து மூலிகை ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்த டூ யூயூ என்ற பெண்மணிக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 2008-இல், மேற்குக் கம்போடியாவில் இம்மருந்துக்கும் கிருமி முன்போல் விரைந்து மடிவதில்லை என்ற செய்தி வெளிவந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் இரு நாட்டு அரசுகளும் 2009-இல் அவசரமாகக் களம் இறங்கின. (பிற்காலத்தில் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் இத்தகைய எதிர்ப்புத் தன்மை தனியாகவே முளைத்தது வேறு கதை.)

கிருமிக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பெட்டிக்கடைக்காரர்கள் நாலைந்து வித மாத்திரைகளைச் சிறு பிளாஸ்டிக் பையில் கலந்து போட்டு விற்றனர். துணை மருந்து சேர்க்காமல் ஆர்ட்டிமிசினின் மட்டும் தனியே விற்பனையானது. வாங்கியவர்களோ, முதல் நாளிலேயே காய்ச்சல் தணிந்ததும் மீதி மாத்திரைகளை அடுத்த முறைக்கென்று எடுத்து வைத்தனர். இந்தப் பழக்கம் கம்போடியருக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு அலமாரிகளைத் திறந்து பார்த்தாலே தெரியும். மூன்று நாள் மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், அரைகுறையாக அடிபட்டுப் பிழைத்த கிருமியே அடுத்தவர் உடலில் குடியேறும்.

எனவே மருந்துடன் சொல்லும் போய்ச் சேர வேண்டியிருந்தது. அதில்தான் பெரும் சிக்கல் காத்திருந்தது. காட்டு ஓடையில் குளித்தாலும், அதன் நீரைக் காய்ச்சாமல் குடித்தாலும் இந்தக் காய்ச்சல் வரும் என்று கிராமத்தார் பலர் நம்பினர். கொசுவைப் பற்றி அவர்கள் அறியாமல் இல்லை. இரண்டையும் சேர்த்தே நம்பினர். காட்டுக்குப் போனவன் காய்ச்சலோடு திரும்புவதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆகையால் 'உங்கள் நம்பிக்கை தவறு' என்று மட்டும் சொல்லும் சுவரொட்டியால் பயன் விளைவது அரிது.

'கொசுவலைக்குள் உறங்குங்கள்' என்ற அறிவுரையும் பாதி வழியே சென்றது. அங்கே நோயைப் பரப்பும் அனாஃபிலிஸ் டைரஸ் என்ற கொசு காட்டில் வாழ்வது. மனிதன் உறங்கச் செல்லும் முன்பே, அந்தி சாய்ந்ததும் வெட்டவெளியிலேயே கடிப்பது. மரம் வெட்டப் போகிறவன் கட்டிலையா சுமந்து செல்வான்? அவன் கொண்டு போவது தூளி ஒன்றுதான். இதை உணர்ந்த பிறகே, தூளியோடு சேர்த்துக் கட்டக்கூடிய, பூச்சிமருந்து தோய்த்த வலைகள் வழங்கப்பட்டன. கேட்பவனின் இரவு எங்கே கழிகிறது என்று விசாரித்தறிந்த பின்னரே அறிவுரை பலித்தது.

சொல்பவர் யார் என்பதும் முக்கியம். கிராம மலேரியா ஊழியர் என்ற ஏற்பாடு கம்போடியாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. அவர் வெளியூர் அதிகாரி அல்லர், அண்டை வீட்டுக்காரர். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் சோதித்து, நோய் இருந்தால் அங்கேயே மருந்து தருவார். மறுநாள் எதிர்ப்பட்டால் 'இன்றைய மாத்திரையைப் போட்டாயா?' என்று கேட்பார். வானொலியும் விளம்பரப் பலகையும் சொல்ல முடிந்தவற்றை அவையும் சொல்லின. ஆனால் இந்த ஒரு கேள்வியை அவற்றால் கேட்க இயலாது. எல்லையில் கூலிகளை ஏற்றிச் செல்லும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. பயணிகளோடு பேச அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் வேறு யாருக்குக் கிடைக்கும்?

2018-க்குப் பிறகு கம்போடியாவில் மலேரியா மரணம் ஒன்றும் பதிவாகவில்லை. மீகாங் ஆறு பாயும் ஆறு நாடுகளுள் சீனா, 2021 ஜூனில் மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. 2030-க்குள் இப்பகுதி முழுவதிலும் நோயை ஒழிப்பதே இலக்கு.

மியான்மரின் நிலைதான் கவலை தருகிறது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் மூண்ட போரில் மலையோர மக்கள் காடுகளுக்குள் ஓடி ஒளிந்தனர். நோய் மீண்டும் பெருகி, எல்லை தாண்டித் தாய்லாந்தின் தாக் மாநிலத்தையும் தொட்டது. ஓடியவர்களுள் கரேன் மொழி பேசுவோரும் உண்டு, கச்சின் மொழி பேசுவோரும் உண்டு. அவரவர் மொழியில் பேசி, சோதனைக் கருவியும் மூன்று நாள் மருந்தும் பையில் சுமந்து, அந்தக் காடுகளுக்குள் யாரேனும் நடந்து போக வேண்டியிருக்கிறது.