பூரத்துக்குத் தெற்கே மூன்று கேலக்ஸிகள்

பங்குனி உத்திரத்தன்று முழுநிலா சிம்ம ராசியின் வால்பக்கம், உத்திர நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். அந்த வெளிச்சத்தில் மங்கிப்போகும் மூன்று கேலக்ஸிகள் பக்கத்திலேயே, பூரத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கின்றன. எம் 65, எம் 66, என்ஜிசி 3628 என்ற இந்த மூவரையும் தேட, உத்திரத்துக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ வரும் அமாவாசை இரவுதான் ஏற்றது.

அப்படித் தேடுபவருக்கு ராமநாதபுரம் கடற்கரை அருமையான இடம். ராமேசுவரத்தின் அட்சரேகை 9.3 பாகை, கேலக்ஸிகள் இருப்பதோ வான நடுவரைக்கு வடக்கே 13 பாகையில். அதனால் அவை ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே கடந்துபோகின்றன. அங்கேதான் ஒளி கடந்துவர வேண்டிய காற்று மிகக் குறைவு. லண்டனிலிருந்து பார்த்தால் இவை 52 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. பூமத்தியரேகைக்கு அருகே இருந்தால் வட வானம், தென் வானம் இரண்டும் கிடைக்கும் என்பதுதான் ஜவ்வாது மலைக் காவலூரில் வானோக்ககம் அமைந்ததற்கும் ஒரு காரணம். ராமேசுவரம் அதைவிட 3 பாகை தெற்கே இருக்கிறது.

ஆனால் இதே அட்சரேகை படமெடுப்பவரைப் படாதபாடு படுத்தும். பூமி சுழல்வதால் நகரும் வானத்தைப் பின்தொடர, தொலைநோக்கியைத் தாங்கும் ஈக்வடோரியல் மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்க வேண்டும். ஓலைக்குடா பக்கம் வடக்கு நோக்கி நின்று, கையை நீட்டி முட்டி மடக்கினால், தொடுவானுக்கு மேல் அந்த ஒரு முட்டி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் இருக்கிறது. பாக் நீரிணையின் ஈரப் புகைமூட்டத்தில் அது பல இரவுகள் கண்ணுக்கே படாது. போதாக்குறைக்கு, பல மவுண்ட்டுகள் 15, 20 பாகைக்குக் கீழே சாயாது. ஸ்டாண்டின் ஒரு காலை உயர்த்தி, எடைக்கம்பி இன்னொரு காலில் இடிக்காமல் பார்த்து, நட்சத்திரங்கள் நழுவும் திசையைக் கவனித்து அச்சைத் திருத்த வேண்டியிருக்கிறது. கடல்காற்றில் முன்லென்ஸ் மீது உப்பு படியும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறிப்போகும்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இருட்டு இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் மாலைக்குப் பிறகு பயணிகளுக்கு அங்கே அனுமதியில்லை. எனவே ராமேசுவரம் தீவின் மற்றக் கரைகளிலும், ராமநாதபுரத்தின் கடலோரக் கிராமங்களிலும் உள்ள இருட்டுத்தான் கைவசம் இருப்பது. தெருவிளக்குகளுக்கு மேல்பக்க மறைப்பு போட்டாலே அது வெகுவாகக் காப்பாற்றப்படும். ஊருக்குப் பெரிய செலவில்லாத வேலை இது. உடனே செய்ய வேண்டியதும்கூட.

இருட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு என்ஜிசி 3628 சாட்சி. 1780-இல் பாரிஸிலிருந்து வானியலாளர் மெசியே மற்ற இரண்டையும் பட்டியலிட்டார், இதை விட்டுவிட்டார். 1784-இல்தான் வில்லியம் ஹெர்ஷல் தன் பெரிய தொலைநோக்கியில் இதைக் கண்டார். ஒளி நீளவாக்கில் பரவிக் கிடப்பதால் இது எளிதில் கரைந்துவிடும்.

மூன்றும் சுருள் கேலக்ஸிகள்தான், சுமார் 3.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒரே குழுவாக இருக்கின்றன. தோற்றம் மட்டும் வேறு வேறு. எம் 65 சாய்ந்து, அமைதியாக, பழைய நட்சத்திரங்களின் மஞ்சள் ஒளியோடு தெரிகிறது. எம் 66-இன் கைகள் அண்டையாரின் ஈர்ப்பால் கோணலாகிவிட்டன. என்ஜிசி 3628 நமக்கு விளிம்பைக் காட்டுகிறது. நடுவே கரிய தூசுப் பட்டை ஓட, அதன் ஒரு பக்கம் பிய்த்தெடுக்கப்பட்ட நட்சத்திரங்களின் வால் சுமார் 3 லட்சம் ஒளியாண்டு நீள்கிறது.

சிறிய தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறத் தீற்றல்கள்தான். முழுநிலாவின் அகலத்தை மிஞ்சும் பரப்பில் மூன்றும் அடங்குவதால், 500 மில்லிமீட்டர் குவியத்தூரமே ஒரு கேமரா சட்டகத்துக்குப் போதும். சில நிமிட எக்ஸ்போஷர்கள் பலவற்றை மென்பொருளில் அடுக்கினால் தூசுப் பட்டை தெளிகிறது. வாலுக்குப் பல மணி நேர ஒளி வேண்டும். எடுத்த படங்களைப் பத்திரப்படுத்துவது நல்லது. 1989-இல் எம் 66-இலும், 2013-இல் எம் 65-இலும் நட்சத்திரங்கள் வெடித்துச் சூப்பர்நோவா ஆயின. அடுத்தது எப்போது நிகழ்ந்தாலும், பழைய படத்தோடு புதியதை ஒப்பிடுபவருக்கு அந்த ஒற்றைப் புள்ளி அகப்படும்.