அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போக முடியுமா? – ஓய்வுக்கால விசா பற்றி ஒரு கணக்கு



மூன்றாம் வருடம் முடியப் போகிற நேரத்தில் ஹாஸ்டலில் எந்த ரூமுக்குப் போனாலும் இரண்டே பேச்சுதான். ஒன்று பிளேஸ்மென்ட், இன்னொன்று எம்.எஸ். இரண்டாவது கோஷ்டியில் நானும் ஒருத்தன். எந்த யூனிவர்சிட்டி, எவ்வளவு லோன், ஜி.ஆர்.இ. எப்போ என்று எல்லாத்தையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் வீட்டுக்குப் போன் பண்ணினபோது அப்பா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு இன்னும் மூணு வருஷம்தான்டா சர்வீஸ். அப்புறம் நானும் அம்மாவும் உன்கூடவே வந்து இருந்துடலாமா?"

"வந்துடலாம்ப்பா, அதுக்கென்ன" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது: அந்த ஷீட்டில் இதற்கு ஒரு வரிசை கூட இல்லை. ஓய்வு பெற்ற ஒருவர் இன்னொரு நாட்டில் போய் வாழ என்ன வேண்டும் என்று அன்று இரவு படிக்க உட்கார்ந்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஓய்வுக்கால விசா என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த விசாக்கள் மூன்று: படிக்க, வேலை பார்க்க, சுற்றிப் பார்க்க. இது நான்காவது வகை. வேலை செய்யும் வயதைத் தாண்டியவர்கள் சொந்தப் பணத்தில் ஒரு நாட்டில் தங்கி வாழ அந்த நாடு கொடுக்கும் அனுமதி.

ஒரு நாடு ஏன் இதைக் கொடுக்கிறது? வெளியிலிருந்து பணம் வருகிறது, வாடகையாகவும் காய்கறியாகவும் உள்ளூரிலேயே செலவாகிறது. அதே சமயம் வந்தவர் யாருடைய வேலையையும் பிடுங்குவதில்லை. இது லாபம். அந்த நாட்டுக்கு இரண்டு பயங்களும் உண்டு. வந்தவரின் பணம் தீர்ந்துபோனால் யார் பார்த்துக்கொள்வது? அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் ஆஸ்பத்திரி பில் யார் கட்டுவது?

இந்த இரண்டு பயத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்த நாட்டின் விதியும் சுலபமாகப் புரியும். குறைந்தபட்ச வயது, வருமானச் சான்று அல்லது வங்கி டெபாசிட், மருத்துவக் காப்பீடு, போலீஸ் சான்றிதழ், 'வேலை செய்யக் கூடாது' என்ற நிபந்தனை. நாட்டுக்கு நாடு எண்கள்தான் மாறும், ஃபார்முலா கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு நாட்டை எடுத்துப் பார்ப்போம்: தாய்லாந்து

உலகம் முழுக்க ஓய்வு பெற்றவர்கள் அதிகம் தேடிப் போகும் நாடுகளில் தாய்லாந்து ஒன்று. அங்கே இதற்கான விசாவின் பெயர் 'ஓ-ஏ'. 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் வர வேண்டும். இரண்டையும் கலந்து வருடத்துக்கு 8 லட்சம் காட்டினாலும் சரி. ஒரு பாட் இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்தால், டெபாசிட் 20 முதல் 24 லட்சம் ரூபாய். மாத வருமானம் என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

"20 லட்சம்தானே, ஊர்ல இருக்கிற ஒரு மனைய வித்தா போதுமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது வெறுமனே ஒரு நாள் காட்டிவிட்டு எடுத்துவிடும் பணம் இல்லை. அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். அங்கேயே இருந்து புதுப்பிக்கும்போது, விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பே 8 லட்சமும் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு 3 மாதம் அதைத் தொடக் கூடாது. மீதி நாட்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2019-இல் வந்த விதி இது. அதாவது அந்தப் பணம் இருக்கும், ஆனால் சாப்பாட்டுச் செலவுக்கு அதை நம்ப முடியாது. அதற்கு வேறு வருமானம் வேண்டும்.

இதோடு முடியவில்லை. 90 நாளுக்கு ஒரு தடவை 'நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாக ஊருக்குக் கிளம்பினால், கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் இருந்த அனுமதி அத்தோடு ரத்து. சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம், அதிலும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. ஓ-ஏ விசாவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்: 1 லட்சம் அமெரிக்க டாலர், அதாவது சுமார் 30 லட்சம் பாட் அளவுக்கு. வயது ஏற ஏற இந்தக் காப்பீட்டின் பிரீமியமும் ஏறும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அங்கே 'ஓ-எக்ஸ்' என்று பத்து வருட விசா ஒன்றும் உண்டு. அது 14 நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். ஜப்பான், பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. இந்தியா இல்லை. கையில் எவ்வளவு பணம் என்பதைப் போலவே, எந்தப் பாஸ்போர்ட் என்பதும் முக்கியம்.

மற்ற நாடுகள்

மலேசியாவின் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002 முதல் இருக்கிறது. தமிழ் பேசலாம், நம்ம சாப்பாடு கிடைக்கும் என்பதால் நம்மவர்கள் ஆசைப்படும் இடம். முன்பு மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் காட்டினால் போதும் என்று இருந்தது. 2021-இல் அதை ஒரேயடியாக 40,000 ரிங்கிட் ஆக்கினார்கள், டெபாசிட்டும் 10 லட்சம் ரிங்கிட் ஆனது. எதிர்ப்பு கிளம்பியது. 2024-இல் மறுபடியும் மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று படிகள் வைத்தார்கள். குறைந்த படியான வெள்ளிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் டெபாசிட், கூடவே வீடும் வாங்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் இரண்டு தடவை விதி தலைகீழாக மாறியிருக்கிறது. பத்து வருடம் கழித்துப் போகலாம் என்று இன்றைய எண்ணை வைத்துத் திட்டம் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே உதாரணம்.

போர்ச்சுகலின் 'டி7' விசாவுக்கு அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியம் அளவுக்கு பென்ஷனோ வாடகையோ வந்தால் போதும். 2025-இல் அது மாதம் 870 யூரோ, மனைவிக்கு அதில் பாதி கூடுதல். ஸ்பெயினில் ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ. பனாமாவில் ஆயுள் முழுக்க வரும் பென்ஷன் மாதம் 1,000 டாலர் இருந்தால் போதும்.

இங்கே நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தனியார் கம்பெனியில் பி.எஃப். பிடிக்கப்படும் பெரும்பாலானவர்களுக்கு, பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருடம் உழைத்திருந்தாலும் 15,000 × 35 ÷ 70 = மாதம் 7,500 ரூபாய்தான். இதை பனாமாவின் 1,000 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'குறைந்த செலவில் வாழலாம்' என்று விளம்பரம் செய்யப்படும் நாடுகள் யாருடைய பென்ஷனை வைத்து அப்படிச் சொல்கின்றன என்று புரியும்.

நாம் போகப் போகும் நாடுகள்?

இதுவரை சொன்ன நாடுகளில் நம் ஹாஸ்டலிலிருந்து யாரும் எம்.எஸ். அப்ளை பண்ணவில்லை! நாம் அப்ளை பண்ணும் நாடுகளுக்கு வந்தால்தான் உண்மையான சிக்கல் தெரிகிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா இந்த நான்கிலும் இன்று புதிதாக விண்ணப்பிக்க ஓய்வுக்கால விசாவே கிடையாது. பிரிட்டன் தன்னுடையதை 2008-இல் மூடிவிட்டது, ஆஸ்திரேலியா 2018-இல். அங்கே பெற்றோர் வருவதற்கு ஒரே வழி பிள்ளைகள்தான். அந்த வழியும் குறுகல்.

அமெரிக்கா: எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் மனைவியையும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம், பெற்றோரை முடியாது. கிரீன் கார்டு வாங்கினாலும் பெற்றோருக்கு மனு போட முடியாது. குடியுரிமை பெற்ற பிறகுதான் முடியும். வேலை வழியாக வரும் கிரீன் கார்டுக்கு இந்தியர்களின் வரிசை பல வருடம் நீளம், அதற்குப் பிறகு குடியுரிமைக்குப் பொதுவாக இன்னும் 5 வருடம். அதுவரை சுற்றுலா விசாதான், பெரும்பாலும் ஒரு தடவைக்கு 6 மாதம்.

கனடா: 'சூப்பர் விசா' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ இருந்து, குறிப்பிட்ட வருமானமும் காட்ட வேண்டும். 2022 முதல் ஒரே வருகையில் 5 வருடம் வரை தங்கலாம். குறைந்தது 1 லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும். நான்கில் கொஞ்சம் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான்.

ஆஸ்திரேலியா: இங்கே 'குடும்பச் சமநிலைச் சோதனை' உண்டு. பெற்றோரின் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும் விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். உங்களுக்கு ஊரில் ஒரு அக்காவும் ஒரு தம்பியும் இருந்தால் நீங்கள் ஃபெயில். பாஸ் ஆனாலும், கட்டணம் குறைவான வழியில் காத்திருப்பு சுமார் 30 வருடம். 65 வயதில் விண்ணப்பித்தால் 95-இல் அழைப்பு வரும். விரைவான வழிக்கு ஒருவருக்கே 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், அதிலும் பல வருடக் காத்திருப்பு.

பிரிட்டன்: 2012 முதல் இருக்கும் விதிப்படி, பெற்றோருக்கு அன்றாடக் காரியங்களுக்கே இன்னொருவர் பராமரிப்பு தேவைப்பட வேண்டும், அந்தப் பராமரிப்பு ஊரில் கிடைக்கவே கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். நன்றாக நடமாடும் அப்பாவுக்கு அந்த வழியே இல்லை.

சிங்கப்பூர் பக்கத்தில்தானே என்பவர்களுக்கு: வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நானும் போகத்தான் போகிறேன். யூனிவர்சிட்டி பட்டியலைப் பார்க்கும்போதே சில கேள்விகளையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

ஒன்று, நான் போகும் நாட்டில் பெற்றோருக்கு என்ன விசா உண்டு, அதற்கு நான் எந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும், அப்போது அவர்களுக்கு வயது என்ன ஆகியிருக்கும்? இந்தக் கூட்டலைப் பேப்பரில் போடுங்கள், பதில் பயமுறுத்தும். இரண்டு, கூடப் பிறந்தவர்கள் எங்கே இருக்கப் போகிறார்கள்? மூன்று, 65 வயதுக்கு மேல் அவர்களுக்கு அங்கே காப்பீடு கிடைக்குமா, ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷருக்கு அது செல்லுமா? நான்கு, நாம் திரும்பி வருவதாக இருந்தால்? இதில் மட்டும் நல்ல செய்தி. நாம் வேறு நாட்டுக் குடியுரிமையே வாங்கியிருந்தாலும், ஓ.சி.ஐ. அட்டை எடுத்துக்கொண்டு இந்தியாவில் ஆயுள் முழுக்கத் தங்கலாம், வேலையும் பார்க்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது என்பது போன்ற சில கட்டுப்பாடுகள் மட்டும் உண்டு. அவர்கள் நம்மிடம் வருவதை விட நாம் அவர்களிடம் வருவது சுலபம்.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், முடிவெடுக்கும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஐந்தாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது, அதை வீட்டில்தான் கேட்க வேண்டும்: அவர்களுக்கு வர விருப்பம் இருக்கிறதா? போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணி, அன்னைக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் என்று எல்லாத்தையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "அங்க வந்து நான் யார்கூடடா பேசப் போறேன்? அம்மாதான் பயந்துட்டு இருக்கா, அதனாலதான் கேட்டேன். நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போ. அந்த டிக்கெட் காசையும் உன் ஷீட்ல சேத்துக்க."

சேர்த்துவிட்டேன். நீங்களும் இந்த வாரம் வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்!