கரும்புகையின் அபிமானிகள்

மொன்றியல் மாநகரின் கிழக்குப் பகுதியில், சென் லோரன்ஸ் நதியை ஒட்டினாற்போல் நீண்டு செல்லும் நொத்ர்-டாம் வீதியில் இன்று வாகனம் ஓட்டிச் செல்பவர், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளையும் கொள்கலன் ஏற்றிய லொறிகளையும் பார்ப்பாரேயன்றி, முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தின் நாலா திக்குகளுக்கும் புகையிரத எஞ்சின்களைச் செய்தனுப்பிய ஒரு பெருந்தொழிற்சாலை அந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பச் சற்றுத் தயங்குவார். 1883-இல் தொடங்கி, 1904-இல் அமெரிக்காவின் அல்கோ கம்பனியின் கைக்குப் போய், 1908 முதல் 'மொன்றியல் லோகோமோட்டிவ் வேர்க்ஸ்' என்னும் நாமதேயத்தைத் தரித்துக்கொண்ட அந்த ஸ்தாபனம், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராம் டாங்கிகளையும் செக்ஸ்டன் பீரங்கி வண்டிகளையும் கூடச் செய்து கொடுத்தது. கனடிய பசிபிக் கம்பனி வாங்கிய நீராவி எஞ்சின்களில் கடைசியானது 1949-இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. அதற்குள்ளாகவே டீசல் எஞ்சின்களும் அதே கொட்டகையில் உருவாகத் தொடங்கியிருந்தன. 1975-இல் பொம்பார்டியே கம்பனி அதை வாங்கிற்று. பத்தாண்டு கழித்து எஞ்சின் செய்வதை நிறுத்திற்று. 1988-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனிக்கு விற்றது. 1993-இல் கதவுகள் அடைபட்டன. ஒரு தொழிற்சாலையின் அந்திம காலத்தை இப்படி நாலு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பெற்று வளர்த்த எஞ்சின்களின் கதை அவ்வளவு சுருக்கமானதன்று.

நீராவி எஞ்சின்மேல் மனிதர்கள் கொண்ட பிரேமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நெருப்பு, நீர், வெண்மேகம் போன்ற ஆவி, வெளியே தெரியும்படி சுழலும் தண்டுகள் என்று கண்ணுக்கு விருந்தாகும் சர்வ அலங்காரங்களும் அதற்கு உண்டு. டீசல் எஞ்சினோ ஒரு நீளமான இரும்புப் பெட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே காட்டிக்கொள்ளாத சுபாவம் உடையது. அது வந்த நாளில் புகையிரத ரசிகர்கள் அதைத் தங்கள் அன்புக்குரியதைக் கொல்ல வந்த சத்துருவாகவே பாவித்தார்கள். தண்டவாள ஓரத்தில் கமராவுடன் காத்து நின்றவர்களில் பலர், வருவது டீசல் என்று தெரிந்தால் படச்சுருளை வீணாக்க மனமில்லாமல் கமராவைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்படி வெறுக்கப்பட்ட ஜாதிக்கு இன்று பக்தர்கள் கூட்டம் கூடியிருப்பது வேடிக்கையான விஷயந்தான்.

இதற்கு நல்ல உதாரணம் அயர்லாந்து. அந்தச் சிறிய தேசம் 1955-இலும் அடுத்த ஆண்டிலும் மெட்ரோபொலிட்டன் விக்கர்ஸ் கம்பனியிடமிருந்து அறுபது பெரிய டீசல் எஞ்சின்களை வாங்கி, 'ஏ' வகுப்பு என்று பெயரிட்டு, நீராவியை வெகு சீக்கிரத்தில் ஓய்வுக்கு அனுப்பியது. அவற்றில் பொருத்தியிருந்த குரொஸ்லி இயந்திரங்கள் ஓயாமல் உபத்திரவம் கொடுத்தமையால், 1960-களின் பிற்பகுதியில் அவற்றைக் கழற்றிவிட்டு ஜெனரல் மோட்டர்ஸ் இயந்திரங்களைப் பொருத்த வேண்டியதாயிற்று. இத்தனை தொல்லை கொடுத்த எஞ்சின்கள் கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும் காலம் வந்தபோது, அவற்றையும் அவற்றின் கூட்டாளிகளையும் காப்பாற்றுவதற்கென்றே 1989-இல் 'ஐரிஷ் டிராக்ஷன் குரூப்' என்ற சங்கம் தோன்றிவிட்டது! குற்றம் குறையே இல்லாத எஞ்சினைவிட, ஓட்டுபவரைச் சற்று அலைக்கழித்த எஞ்சினிடமே ரசிகர்களுக்கு வாஞ்சை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மொன்றியல் எஞ்சின்கள் அந்த வகையில் பெரும் பேறு பெற்றவை. அவற்றின் இருதய ஸ்தானத்தில் இருந்தது அல்கோ கம்பனியின் 251 என்னும் இயந்திரம். ஒன்பது அங்குல அகலமும் பத்தரை அங்குல வீச்சும் கொண்ட உருளைகளை ஆறாகவோ, பன்னிரண்டாகவோ, பதினாறாகவோ, பதினெட்டாகவோ சேர்த்துப் பூட்டினால் வெவ்வேறு வலுவுள்ள எஞ்சின்கள் கிடைத்துவிடும். இயந்திரம் சுழன்று மின்சாரத்தை உண்டாக்க, அந்த மின்சாரம் அச்சுகளோடு சேர்ந்த மோட்டர்களுக்குப் போய்ச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இதெல்லாம் பிற கம்பனிகளின் எஞ்சின்களுக்கும் பொதுவானதே. 251-இன் விசேஷம், நின்றுகொண்டிருக்கும் பார வண்டியை அது இழுக்கத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. சாரதி கைப்பிடியை முதற்படியிலிருந்து எட்டாம் படியை நோக்கி நகர்த்தியதும் எரிபொருள் உடனே பாய்ந்துவிடுகிறது. காற்றை அழுத்திக் கொடுக்க வேண்டிய டர்போ விசிறியோ, வெளியேறும் புகையின் வேகத்தினால் சுழலுவதாகையால், வேகம் பிடிப்பதற்குச் சற்று அவகாசம் கேட்கிறது. ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதுகுழலை எடுத்த மாத்திரத்தில் புகை முந்தி, தீ பிந்தி வருவது போல, காற்றுப் போதாமல் எரிந்த எண்ணெய் கன்னங்கரிய தூணாகக் கூரைக்குமேல் எழும்புகிறது; அதன் பின்னரே டர்போ சீழ்க்கையடித்துக்கொண்டு மேலேற, புகை மெல்ல மெல்ல வெளுத்து, இயந்திரத்தின் தாளம் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழும்படி கனத்து ஒலிக்கிறது. சுற்றுச்சூழலைக் கருதுகிறவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பது நியாயமே. ரசிகனுக்கோ அதுதான் சங்கீதக் கச்சேரியின் ஆரம்ப வர்ணம்.

ஆகவே இந்த அபிமானம் பெரும்பாலும் செவிவழி வந்தது என்று நான் சொல்வேன். பெட்டியின் உருவத்தை யார் வேண்டுமானாலும் படம் பிடித்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் வருவது 251-ஆ, ஜெனரல் மோட்டர்ஸின் இரட்டை வீச்சு இயந்திரமா என்று சொல்லத் தெரிந்தவனே இந்தக் கோஷ்டியில் தேறியவன்.

மொன்றியல் இந்த ரசனைக்குப் புதிய ஊரல்ல. கனடாவின் முதலாவது இருப்புப்பாதை 1836-இல் திறக்கப்பட்டது இந்நகருக்கு எதிர்க்கரையில், லாப்ரேரியிலிருந்து சென்-ஜானுக்கு. கனடிய புகையிரத சரித்திரச் சங்கம் 1932-இல் இந்நகரிலேதான் ஸ்தாபிக்கப்பட்டது. அந்தச் சங்கத்தார் வளர்த்தெடுத்த 'எக்ஸ்போரெயில்' என்னும் மகத்தான காட்சிச்சாலை, தெற்குக் கரையில் உள்ள சென்-கொன்ஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது. மேலே சொன்ன 1949-ஆம் ஆண்டு நீராவி எஞ்சின், 5935 என்னும் இலக்கத்தோடு அங்கே கம்பீரமாக நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த எஞ்சின்கள்கூட உண்டு. ஜனங்கள் அவற்றின் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நான் தேடிப் போவது 4744 என்னும் டீசலை. 1971-இல் பதினெட்டு உருளைகளோடும் நாலாயிரம் குதிரை வலுவோடும் இந்நகரில் செய்யப்பட்ட அந்த எஞ்சின், தன் இனத்தில் ஒன்றே ஒன்று. அதைப் போல் இன்னொன்றை எவரும் கேட்டு வாங்கவில்லை. வியாபாரத்தில் தோற்றுப்போனதற்குக் காட்சிச்சாலையில் பட்டாபிஷேகம் கிடைத்திருக்கிறது. ஆனால் காட்சிச்சாலையால் சரீரத்தைத்தான் காப்பாற்ற முடிகிறது. குரலைக் கேட்க வேண்டுமானால் வேறு தேசத்துக்குப் போக வேண்டும்; நம்மவர்களுக்கு அது அந்நிய தேசமுமன்று.

1950-இல் கொழும்பில் கூடிய பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் வகுத்த 'கொழும்புத் திட்டம்' என்னும் உதவி ஏற்பாட்டின் கீழ், கனடா இலங்கைக்கு அனுப்பிய உபகாரங்களில் டீசல் எஞ்சின்களும் இருந்தன. 1954 முதல் தவணை தவணையாக வந்து இறங்கிய அந்த 'எம் 2' வகுப்பு எஞ்சின்கள் மொன்றியலில் செய்யப்பட்டவையல்ல. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி செய்தவை. கொடுத்த தேசத்தைக் கௌரவிக்கும் முகமாக அவற்றுள் பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களையே சூட்டினார்கள். தென்னந்தோப்புகளுக்கும் வயல்வெளிகளுக்கும் ஊடாக 'அல்பேர்ட்டா' ஓடிற்று. உறைபனியைக் கனவிலும் கண்டறியாத ஸ்டேஷன் மாஸ்டர்கள் 'மானிடோபா'வுக்குப் பச்சைக்கொடி காட்டினார்கள். அக்காலத்தில் பிரதம இயந்திரப் பொறியியலாளராயிருந்து, பின்னர் புகையிரதப் பொது முகாமையாளராகவும் விளங்கிய பி. டி. ரம்பாலா அவர்களே இலங்கையில் டீசல் யுகத்தை நிலைநாட்டியவர். அவருடைய காலத்திலேதான், 1956 ஏப்ரலில், கொழும்புக்கும் வடபகுதிக்கும் இடையே யாழ்தேவி என்னும் வண்டி ஓடத் தொடங்கியது.

மொன்றியலின் முறை 1975-இல் வந்தது. பன்னிரண்டு உருளைகள் கொண்ட 251 இயந்திரமும் 1,750 குதிரை வலுவும் ஆறு அச்சுகளுமாகப் பதினான்கு எஞ்சின்கள் இந்நகரிலிருந்து கப்பலேறின. இலங்கையில் அவற்றுக்கு 'எம் 4' வகுப்பு என்று பெயர். நீண்ட உடலும், ஒரு முனையில் சாரதியின் அறையும், புறப்படும்போது எழுப்பும் கரும்புகையும் அவற்றின் அடையாளங்கள். நெடுந்தூர வண்டிகளுக்கென்றே வந்தவை போல அவை அமைந்தன. வடக்கே போகும் கோச்சியில் பிரயாணம் செய்த தலைமுறையினரைக் கேட்டால், மாகோவும் அனுராதபுரமும் கழிந்து, வன்னிக் காட்டைக் கடந்து, ஆனையிறவில் இருபுறமும் நீரும் உப்பும் பரந்து கிடக்க, யன்னலோரத்தில் இருந்தவன் கண்ணில் கரித்தூள் விழுந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தக் கரி நீராவிக் காலத்ததா, டீசல் காலத்ததா என்று கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்வது அழகல்ல.

விதியின் விசித்திரம் ஒன்றை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. எஞ்சின்கள் மொன்றியலிலிருந்து புறப்பட்டுப் போய்ப் பத்தாண்டுகளுக்குள், இலங்கையின் உள்நாட்டு யுத்தத்துக்குத் தப்பிய எங்களவர்கள் அதே மொன்றியலுக்கு வந்து சேரலானார்கள். கோத்-தே-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறி, குளிருக்குக் கம்பளிக் குப்பாயம் மாட்டிக்கொண்டு தொழிற்சாலைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலைக்குப் போன அவர்களில் எத்தனை பேருக்கு, தங்களைச் சின்ன வயதில் கொழும்புக்குக் கூட்டிச் சென்ற எஞ்சின் இந்த ஊரில் செய்தது என்பது தெரிந்திருக்கும்? 1990-இல் வடபகுதிக்கான புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் வண்டி வந்தபோது, புகையிரதத்தையே கண்டிராத ஒரு தலைமுறை மேடையில் திரண்டு நின்றது.

தெற்கே இன்னொரு கதை. 2004 டிசம்பர் 26-ஆம் திகதி காலிக்கு அருகே பெரலியவில் ஆழிப்பேரலை விழுங்கிய வண்டியை இழுத்துச் சென்றது 591-ஆம் இலக்க 'மானிடோபா'. ஆயிரத்து எழுநூறு பேருக்குக் குறையாமல் மாண்ட அந்த இடத்திலிருந்து எஞ்சினை மீட்டெடுத்துச் செப்பனிட்டார்கள்; பின்னர் ஆண்டுதோறும் அதே நாளில் அது அதே இடத்துக்குப் போய் நின்றது. எஞ்சின் ரசிகர்களின் உற்சாகத்தைப் பரிகசிப்பவர்கள்கூட அந்த இடத்தில் பரிகாசம் செய்யமாட்டார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மொன்றியல் தூரமாகத் தோன்றலாம். உண்மையில் அப்படியில்லை. இந்தியாவின் மீட்டர் பாதைகளுக்காக 1964 முதல் தொண்ணூற்றொன்பது எஞ்சின்கள் இங்கிருந்து போயின. 'ஒய்டிஎம் 4ஏ' என்பது அவற்றின் பெயர். அவற்றின் உடன்பிறப்புகளான 'ஒய்டிஎம் 4' எஞ்சின்களுள் பெரும்பாலானவற்றை வாரணாசித் தொழிற்சாலையே செய்தது. சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே போன மீட்டர் பாதை விரைவு வண்டிகளை அவை ஓய்வில்லாமல் இழுத்தன. அகலப் பாதையில் 2,600 குதிரை வலுவுடன் ஓடிய 'டபிள்யூடிஎம் 2' எஞ்சின்களுக்கும் இருதயம் அதே 251-தான். பொன்மலையிலும் ஈரோட்டிலும் பணிமனையை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு அதன் குரலை நான் வருணிக்க வேண்டிய அவசியம் இராது.

இலங்கை 1996-இல் வாரணாசியிலிருந்து வாங்கிய 'எம் 8' எஞ்சின்களும் இந்தக் குலத்தவையே. ஆகையால், பெற்ற வீடு மறைந்துபோன பின்பும் மொன்றியலின் 'எம் 4' எஞ்சின்களுக்கு உறவுக்காரர் இல்லாமற் போகவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் அவற்றுள் சில இன்றுவரை கொழும்பிலிருந்து பிரயாணிகளை இழுத்துச் செல்வது, ரசிகர்களின் அபிமானத்தால் அல்ல. மாளிகாவத்தைப் பணிமனையில் எண்ணெய்க் கையோடு உழைக்கும் தொழிலாளர்களாலும், புதிய எஞ்சின் வாங்கப் பணமில்லாத ஒரு திறைசேரியாலுமே. பணக்கார தேசங்கள் பழைய எஞ்சினைக் காட்சிச்சாலையில் வைக்கின்றன. ஏழைத் தேசங்கள் ஓட்டுகின்றன. என்னைக் கேட்டால், இரண்டாவதிலேதான் எஞ்சினுக்கு மரியாதை அதிகம். காலதாமதமாகும் வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அயர்லாந்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். அங்கே பழைய டீசல்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட '201' வகுப்பு எஞ்சின்கள், இலங்கைக்கு 'மானிடோபா'வை அனுப்பிய அதே ஒன்ராறியோ லண்டனில் செய்யப்பட்டவை. அவற்றுள் முதலாவதை 1994-இல் அன்டோனோவ் என்னும் ராட்சத விமானத்தில் ஏற்றி டப்ளினுக்கு ஆகாய மார்க்கமாகவே அனுப்பினார்கள். பழைய எஞ்சின்களை ஒழிக்க வந்தவை என்று அவற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. லண்டன் தொழிற்சாலையும் 2012-இல் மூடப்பட்டுவிட்டது. '201' எஞ்சின்களில் கணிசமானவை வேலையின்றி ஓரங்கட்டப்பட்டுத் துருவேறுகின்றன; முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களே அவற்றில் ஒன்றை வாங்குவதற்குச் சந்தா வசூலிக்கப் புறப்படும் நாள் வெகு தூரத்தில் இல்லை.