மழலைகளுக்கேற்ற வினோத உடை

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்களில் வினோத உடைப் போட்டிக்குத் தனியிடம் உண்டு. திருவள்ளுவரும் ஒளவையாரும் பாரதியாரும் கண்ணனும் ஒரே மேடையில் வரிசையாக நடந்து வரும் காட்சியை இலண்டன் மண்டபங்களில் நாம் ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றோம். அவ்வரிசையில் 2, 3 வயதுக் குழந்தைகளும் இருப்பர். பத்து வயதுப் பிள்ளை, உடை இறுக்கினால் வாய்விட்டுச் சொல்லும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அழுகை ஒன்றே மொழி. அவ்வழுகையையும் சபைக் கூச்சம் என்று பெரியவர்கள் எண்ணிவிடக் கூடும். ஆதலால் பார்ப்போர் கண்ணுக்கு உடை எவ்வாறு தோன்றும் என்பதற்கு முன்னர், அதனுள்ளே இருக்கும் குழந்தைக்கு எவ்வாறு இருக்கும் என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது தீ பற்றிய கவனம். எமது விழாக்கள் குத்துவிளக்கேற்றித் தொடங்குபவை. பெரியவரின் இடுப்பளவில் எரியும் சுடர், மழலையின் முகத்துக்கும் தோளுக்கும் நேராக நிற்கின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் இங்கிலாந்தில், பிரபல தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவரின் மகள் அணிந்திருந்த சூனியக்காரி உடையில் மெழுகுவர்த்தித் தீ பற்றி, அச்சிறுமிக்குக் கடும் எரிகாயங்கள் ஏற்பட்டன. பெற்றோர் பலர் அதன் பின்னரே ஒன்றை அறிந்து வியப்புற்றனர். கடையில் விற்கப்படும் வேட உடை, சட்டத்தின் கண்ணில் உடையன்று, விளையாட்டுப் பொருள். பிள்ளைகளின் இரவுடைக்கு 1985 ஆம் ஆண்டின் சட்ட விதிகள் கடுமையான தீச்சோதனையை வகுத்துள்ளன. வேட உடைக்கோ விளையாட்டுப் பொருள்களுக்கான சோதனையே உரியது. அச்சோதனையில் சுடர் விநாடிக்கு 30 மில்லிமீற்றர் வரை பரவலாம். கணக்கிட்டுப் பார்த்தால், 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள உடையைக் கடக்க அதற்கு 20 விநாடிகள் போதும். சில கடைகள் தாமாகவே இரவுடைத் தரத்துக்குச் சோதித்து விற்கின்றன. அவ்வாறு குறிக்கப்பட்டவற்றையே தேடி வாங்குதல் நன்று. சி.ஈ. அல்லது யு.கே.சி.ஏ. குறி இல்லாத உடையைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் தைக்கும் உடைக்கு எக்குறியும் இல்லை. தாயின் அறிவே சோதனை. மெல்லிய நைலோன் வலைத் துணி எளிதில் தீப்பற்றும். பொலியெஸ்ரர் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உருகாது என்றாலும் மெல்லியதாகவும் தொளதொளப்பாகவும் இருந்தால் விரைவாக எரியும். ஆகவே தடித்த, நெருக்கமாக நெய்த துணியை உடலோடு ஒட்டினாற்போல் தைப்பதே ஏற்றது. திருவள்ளுவருக்குப் பஞ்சினால் தாடி ஒட்டும் வழக்கத்தைப் பற்றி இங்கு சொல்லாதிருக்க முடியவில்லை. பஞ்சு நொடியில் தீப்பற்றும் பொருள். குழந்தை அதைப் பிய்த்து வாயிலும் வைக்கும். ஒட்டும் பசையோ தோலைப் புண்ணாக்கும். மழலைக்குத் திருவள்ளுவர் வேடமே வேண்டாம் என்பது எமது கருத்து. தெய்வப் புலவர் சில ஆண்டுகள் காத்திருப்பார்.

அடுத்தது கழுத்து. பிரித்தானியாவில் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடைகளில் கழுத்தைச் சுற்றியோ தலைமூடியிலோ இழுத்துக் கட்டும் கயிறு இருத்தல் கூடாது என்பது உடைத் தரவிதி. வீட்டு உடைக்கும் அதையே விதியாகக் கொள்வோம். சால்வையைக் கழுத்தில் முடியாமல், இழுத்தவுடன் பிரியும் வெல்குரோ கொண்டு தோளில் பொருத்தலாம். சேப்டி பின் எங்கும் வேண்டாம். முகமூடி கண்ணை மறைத்து மூச்சையும் தடுப்பதால் அதுவும் வேண்டாம்.

முத்து, மணி, ஒட்டுப்பொட்டு முதலியவை மழலையின் கையில் இருந்து வாய்க்குச் செல்ல நெடுநேரமாகாது. கழிவறைத் தாள் சுற்றிய அட்டைக் குழலுக்குள் நுழையும் எப்பொருளும் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஆகாது என்று கொள்ளலாம். மின்னும் கிரீடங்களிலும் மந்திரக்கோல்களிலும் உள்ள பொத்தான் பற்றரிகள் இன்னும் கொடியவை. விழுங்கப்பட்ட பற்றரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடக் கூடும். அத்தகைய ஐயம் எழுந்தால் வாந்தியெடுக்க வைக்க முயலாது உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு விரைதல் வேண்டும்.

முகப்பூச்சுப் பெட்டிகள் பலவற்றின் மேலுறையில், மூன்று வயதுக்குட்பட்டோருக்கு உகந்ததன்று என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஊரிலிருந்து வரும் கண்மை, சுர்மா வகைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. எனவே குழந்தையின் கண்ணுக்கு மை தீட்டாது விடுவோம்.

இவையெல்லாம் விலக்கினால் எந்த வேடந்தான் எஞ்சும் என்று பெற்றோர் கேட்கலாம். பாரதியாரை எடுத்துக்கொள்வோம். தலைப்பாகையை நீளத் துணியாகச் சுற்றாமல், தொப்பிபோலத் தைத்து வைக்கலாம். வேட்டிக்கு, இடுப்பில் இலாஸ்ரிக் வைத்துத் தைத்த வெள்ளைத் துணி, கணுக்காலுக்கு மேலே நிற்குமாறு போதும். மேலே குழந்தையின் சொந்தக் கறுப்புக் கோட்டு. காலில் பழகிய சப்பாத்து. மீசை இல்லாவிட்டால் என்ன? தலைப்பாகையையும் கோட்டையும் கண்ட எவரும் பாரதியார் என்றே சொல்வர். அணையாடை மாற்றுவதும் இவ்வுடையில் எளிது.

இம்மலரை வாசிக்கும் மாணவர்களே, தம்பி தங்கையருக்கு ஒத்திகை பார்ப்பது உங்கள் பணியாகட்டும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உடையை அணிவித்து, குழந்தையை இருக்கவும் எழவும் குனியவும் ஓடவும் விடுங்கள். எங்கே சொறிகின்றது, எங்கே தடுக்குகின்றது என்று கவனித்து அம்மாவிடம் சொல்லுங்கள். நாளுக்குச் சிறிது நேரம் அணிந்து பழகிய உடையை மழலை மேடையில் பிடுங்கி எறியாது.

விழா நாளன்று வேடத்தை மண்டபத்துக்கு வந்த பின்னரே அணிவிக்கலாம். பஞ்சடைத்த கரடி, முயல் உடைகளின்மேல் கார் இருக்கையின் பட்டி இறுக்கமாகப் பொருந்தாது. விபத்தின்போது குழந்தை பட்டியிலிருந்து நழுவக் கூடும். குளிர்காலத்தில் மண்டபத்துள் வெப்பமூட்டி இயங்கும். அங்கே தடித்த உடைக்குள் குழந்தை வியர்த்துச் சோரும்.

மேடையேற மறுக்கும் குழந்தையை வற்புறுத்தல் ஆகாது. தாயோ தந்தையோ கைபிடித்து உடன் நடக்க விழாக் குழுவினர் இடமளிப்பாராக. நிகழ்ச்சி முடிந்ததும் மாற்றுவதற்கு வழமையான உடையொன்றைப் பையில் எடுத்துவருதல் வேண்டும். ஏனெனில் விளக்கும் படிக்கட்டும் தேநீர்க் கொதிகலனும் உள்ள மண்டபத்தில் மழலைகள் ஓடித் திரிவது அதன் பின்னர்தான்.