துருக்கியின் புரட்சிக் கவிஞர்

1938 ஆம் ஆண்டு துருக்கிப் படைத்துறை நீதிமன்றங்கள் கவிஞர் ஒருவருக்கு 28 ஆண்டு 4 மாதச் சிறைத்தண்டனை விதித்தன. அவர் ஆயுதம் ஏந்தியவர் அல்லர். படைப்பள்ளி மாணவர்கள் அவருடைய கவிதைகளைப் படித்தனர் என்பதும், அவற்றால் கிளர்ச்சிக்குத் தூண்டப்பட்டனர் என்பதுமே குற்றச்சாட்டு. அந்நூல்களோ கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டவை! அக்கவிஞரே நாசிம் ஹிக்மத்.

அவர் 1902 இல் செலானிக் நகரில் பிறந்தார். அன்று ஒட்டோமான் பேரரசுக்கு உட்பட்டிருந்த அந்நகரம் இன்று கிரேக்க நாட்டில் உள்ளது. தாய் ஓவியர், பாட்டனார் கவிதை இயற்றியவர். இளைஞராக இருந்தபோது, விடுதலைப் போர் நடைபெற்ற அனத்தோலியாவுக்குச் சென்றார். செல்வக் குடும்பத்தில் வளர்ந்த அவர் உழவர்களின் வறுமையை அங்கு நேரில் கண்டார். பின்னர் மாஸ்கோவில் பயின்று பொதுவுடைமைக் கொள்கையை ஏற்றார்.

அந்நாளில் துருக்கியக் கவிதை, குறில் நெடில் அளவு பார்த்தோ அசைகளை எண்ணியோ எழுதப்பட்டது. நாசிம் அக்கட்டுகளைத் தளர்த்தினார். அவருடைய வரிகள் நீண்டும் குறுகியும் படிக்கட்டுகள்போல் இறங்கின. எந்திரங்களின் ஓசையும் தெருவின் பேச்சும் அவற்றுள் ஒலித்தன. 1929 இல் வெளியான '835 வரிகள்' என்னும் நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது.

சிறை அவருடைய எழுதுகோலை நிறுத்தவில்லை. புர்சா நகரச் சிறையில் அவர் தறியில் துணி நெய்து பொருளீட்டினார். உடனிருந்த இளைஞர் ஓர்ஹான் கெமால் தம் கவிதைகளைப் படித்துக் காட்டினார். அவை நன்றாக இல்லை என்று ஒளிவின்றிக் கூறிய நாசிம், உரைநடை எழுதுமாறு ஊக்கினார். கெமால் பிற்காலத்தில் துருக்கியின் சிறந்த நாவலாசிரியருள் ஒருவரானார். பாலபான் என்னும் சிற்றூர் இளைஞருக்கு ஓவியம் வரையவும் நாசிம் கற்பித்தார். அவரும் புகழ்பெற்ற ஓவியரானார். ஆசிரியப் பணிக்குச் சிறையும் இடமாயிற்று.

'என் நாட்டு மனிதக் காட்சிகள்' என்னும் நெடுங்காவியத்தை அவர் அங்குதான் எழுதினார். அது இஸ்தான்புல் நகரின் ஹைதர்பாஷா இரயில் நிலையத்தில் தொடங்குகிறது. அதில் அரசரோ வீரரோ தலைவர் அல்லர். தொழிலாளர், உழவர், கைவிலங்கிட்ட கைதிகள் முதலியோர் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பயணம் செய்கின்றனர். அவர்களுடைய வாழ்க்கையே காவியமாகிறது.

1950 இல் நாசிம் உண்ணாநோன்பு மேற்கொண்டார். கண்பார்வை மங்கிய அவருடைய தாய், இஸ்தான்புல்லின் கலாத்தா பாலத்தில் நின்று மகனுக்காகக் கையொப்பம் திரட்டினார். பிக்காசோ, சார்த்தர், பாடகர் பால் ராப்சன் ஆகியோரும் குரல் எழுப்பினர். அவ்வாண்டு பொதுமன்னிப்பில் அவர் விடுதலையானார்.

ஆயினும் அமைதி கிட்டவில்லை. இதயநோயாளியான அவரை, ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், கட்டாயப் படைப்பணிக்கு அழைத்தனர். உயிருக்கு அஞ்சிய அவர், மனைவியையும் கைக்குழந்தையையும் பிரிந்து, 1951 இல் சிறு படகில் கருங்கடல் வழியே தப்பினார். அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது.

மாஸ்கோவில் வாழ்ந்தபோதும் அவர் துருக்கிய மொழியிலேயே எழுதினார். அக்கவிதைகள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. துருக்கியில் மட்டும் அவற்றை அச்சிட இயலவில்லை. அனத்தோலியச் சிற்றூர் ஒன்றின் இடுகாட்டில் தம்மைப் புதைக்க வேண்டும் என அவர் விரும்பினார். 1963 சூன் 3 அன்று மாஸ்கோவில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஈராண்டுகளுக்குப்பின் அவருடைய நூல்கள் துருக்கியில் மீண்டும் வெளிவரத் தொடங்கின. 2009 இல் அரசு குடியுரிமையைத் திருப்பி அளித்தது. கல்லறை இன்னும் மாஸ்கோவில்தான் உள்ளது.