வாசல் பூவில் மருந்து! தர்மக் காசில் ஆராய்ச்சி!

குழந்தைகளைக் கொன்ற ரத்தப் புற்றுநோய் பணிந்த கதை

காலை நேரம். திண்டிவனத்தில் இருந்து புதுவை வரும் பஸ்சில் ஜன்னல் ஓரமாக ஒரு தாய். மடியில் நாலைந்து வயதுப் பையன். தலை மொட்டை.

"எந்தக் கோயிலும்மா? திருப்பதியா, மயிலமா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பது உண்டு.

"கோயில் இல்லீங்க... ஜிப்மருக்குப் போறோம்."

அதற்கு மேல் கேட்டவர் பேச மாட்டார். கோரிமேட்டில் பஸ் நிற்கும். தாயும் பிள்ளையும் இறங்கிப் போவார்கள். பஸ்சில் இருப்பவர்கள் "ஐயோ பாவம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். 'புத்துநோய் வந்தா அவ்வளவுதானே' என்பது அந்தப் பெருமூச்சின் அர்த்தம்.

அவ்வளவுதானா? இல்லை! குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகள் 100 பேரில் 80 பேருக்கு மேல் இன்று பிழைத்து எழுகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை. நோய் ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அதற்கு 75 வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும், நம் வீட்டு வாசலில் நிற்கும் பூச்செடி ஒன்றும், ஊர் ஊராக வசூலான தர்மக் காசும் வருகின்றன.

கையை விரித்த காலம்

1947-க்கு முன்பு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் டாக்டர்கள் கையை விரித்து விடுவார்கள். சில வாரம், மிஞ்சினால் சில மாதம்.

1947-ல் பாரிஸ் நகரத்தில் ஜான் பெர்னார், மார்செல் பெசி என்ற இரு டாக்டர்கள் ஒரு குழந்தையின் உடம்பில் இருந்த ரத்தத்தையே மாற்றிப் பார்த்தார்கள். (புதுவையில் அப்போது பறந்தது பிரெஞ்சுக் கொடி.) நோய் பின்வாங்கியது. சில நாள்தான். திரும்ப வந்து குழந்தையைக் கொண்டுபோய் விட்டது. ஆனாலும் டாக்டர்களுக்கு ஒன்று புரிந்தது: இந்த நோயைப் பின்வாங்க வைக்க முடியும்!

காக்கிநாடா தர்மம்

புதுவை மாநிலத்தைச் சேர்ந்த ஏனாம், ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. அதை அடுத்த பெரிய ஊர் காக்கிநாடா. அந்தப் பக்கத்தில் உள்ள பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தி பேச்சைக் கேட்டுக் கதர் கோட்டு போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்குமா? பெரிய பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்.

அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்ய ஆசை. கையில் காசு இல்லை. காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனம் உதவி செய்வதாக வாக்குக் கொடுத்தது. மாமனார் மீதியைப் புரட்டினார். 1923-ல் பாஸ்டன் போய் இறங்கினார் சுப்பாராவ். அங்கே ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் படிப்பு.

பின்னாளில் லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கு அவரே தலைவர் ஆனார். புதுவைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த யானைக்கால் மாத்திரைகூட அந்தக் கம்பெனியில் அவர் காலத்தில் வந்ததுதான்! அவருடைய குழு செய்த இன்னொரு பொருள் அமினோப்டெரின். பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை வாங்கி, ரத்தப் புற்றுநோய் முற்றிய 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் செய்தி வெளியானது. உலகம் நம்பவில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அதே வகையைச் சேர்ந்த மீத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்துதான் இன்றும் ஜிப்மர் உள்பட எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

ரேடியோவில் ஒரு பையன்

ஃபார்பருக்கு மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யப் பணம் வேண்டும். யார் தருவார்கள்? 1948 மே 22-ந் தேதி அமெரிக்க ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த 12 வயதுப் பையன் பேசினான். பெயர் "ஜிம்மி". அவன் கொண்டாடும் பேஸ்பால் விளையாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக அந்த அறைக்குள் வந்தார்கள். பையனுக்குக் கண்கொள்ளாக் காட்சி! "இவனுக்கு ஆட்டம் பார்க்க ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டும், 20 ஆயிரம் டாலர் சேர்ந்தால் பெட்டி உண்டு" என்று அறிவித்தார்கள். சேர்ந்தது 2 லட்சம் டாலருக்கும் மேலே! சில்லறைக் காசாகவே பாதி உலகம் அனுப்பிய மாதிரி மூட்டை மூட்டையாகத் தபால்.

அந்த "ஜிம்மி" யார்? உண்மைப் பெயர் ஐனார் குஸ்டாப்சன். விவசாயி வீட்டுப் பிள்ளை. எல்லோரும் அவன் எப்போதோ இறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தார்கள். அவரோ லாரி ஓட்டிக்கொண்டு, பேரன் பேத்திகளோடு இருந்தார்! 1998-ல்தான் விஷயம் வெளியே வந்தது. 2001-ல் தம் 65-வது வயதில் காலமானார். அவர் பெயரில் தொடங்கிய நிதி இன்றும் ஓடுகிறது.

நித்தியகல்யாணி

புதுவையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இரண்டு வாசலில் நித்தியகல்யாணி பூத்திருக்கும். சுடுகாட்டுப் பக்கம் தானாக முளைக்கும் என்பதால் சிலர் வீட்டில் வைக்க மாட்டார்கள். அந்தச் செடியின் இலை சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ஜமைக்கா தீவில் ஒரு நம்பிக்கை. கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலியின் வெள்ளை அணுக்கள் குறைந்தன! வெள்ளை அணு தறிகெட்டுப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? 1958-ல் முதல் மருந்து வெளியே வந்தது. அதன் தம்பியான வின்கிறிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வின்கிறிஸ்டின் ஊசி இல்லாமல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை கிடையாது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் கரிசல் காட்டில் இந்தச் செடியைப் பயிராகவே போட்டு இலையையும் வேரையும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். சில கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதற்காக வீட்டுச் செடியைப் பறித்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள். அது விஷம்!

அடையாறில் 12 படுக்கை

சென்னைக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தச் சாவு அவர் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கையோடு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. முழுக்க வசூல் காசு! மறு வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். 1960-ல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது.

ஆனால் பிள்ளைகள் பிழைக்கவில்லை. மருந்து வந்துவிட்டது, டாக்டரும் இருக்கிறார், அப்படியும் 100-க்கு 20 பேர் தேறுவதே அரிது.

இங்கேதான் ஆராய்ச்சி வருகிறது. அமெரிக்கக் குழந்தைக்குக் கொடுக்கிற அளவை அப்படியே நம் ஊர்க் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? நம் பிள்ளை ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வருகிறது. நோய் முற்றிய பிறகு வருகிறது. மருந்தின் வேகத்தில் ரத்தம் குறைந்து, ஒரு கிருமி தொற்றினால் நோய்க்கு முன்பே மருந்து கொன்றுவிடும்.

1984-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் டாக்டர் இயான் மக்ராத் துணையோடு "எம்.சி.பி. 841" என்ற சிகிச்சை முறை வகுக்கப்பட்டது. மும்பை டாட்டா ஆஸ்பத்திரி, அடையாறு, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1990-க்குள் அதை எடுத்துக்கொண்டன. நம் நாட்டு வசதிக்குத் தக்கபடி எந்த மருந்து, எத்தனை நாள், எந்த வரிசை என்று எழுதி, ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து கணக்கு வைத்தார்கள். 2005-ல் கணக்கு வெளியானது. நாலு வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100-க்கு 45 முதல் 60 பேர்! மருந்தின் கடுமையால் சாவதும் வருடத்துக்கு வருடம் குறைந்திருந்தது.

புது மருந்து ஒன்றுகூட இதில் கிடையாது. இருந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொண்டதுதான். நோட்டும் பென்சிலும் வைத்துச் செய்த ஆராய்ச்சி என்றே சொல்லலாம்.

கம்பெனிக்கு ஏன் ஆசை இல்லை?

நேரு வீதிக் கடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வருடத்துக்கு நாலு பேர் கேட்கிற சரக்கை யார் வாங்கி அடுக்குவார்கள்? உலகம் முழுவதும் வருடத்துக்கு சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பெற்றவர்களுக்கு அது பெரிய எண். மருந்துக் கம்பெனிக்குச் சின்ன மார்க்கெட். அதனால்தான் தர்மப் பணம் அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அலெக்ஸ் ஸ்காட் என்ற 4 வயதுச் சிறுமி. அவளுக்கே புற்றுநோய். 2000-ல் வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை போட்டாள். 2 ஆயிரம் டாலர் சேர்ந்தது. 2004-ல் 8 வயதில் அவள் இறந்தபோது சேர்ந்திருந்தது 10 லட்சம் டாலருக்கு மேல்! அதே 2000-ல் நியூயார்க்கில் சில இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரிகள் மொட்டை அடித்துக்கொண்டார்கள். மருந்தால் முடி கொட்டிய பிள்ளைகளுக்குத் துணையாக! முதல் தடவையே ஒரு லட்சம் டாலர் தாண்டியது. இன்று அந்த "செயின்ட் பால்ட்ரிக்ஸ்" நிதி, குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கும் பெரிய தர்ம நிறுவனங்களில் ஒன்று. மொட்டையில் நமக்குத்தான் அனுபவம் அதிகம். உண்டியல்தான் வேறு.

இந்த மானியம் கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் இஷ்டத்துக்குச் செலவு செய்யவும் முடியாது. என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு ஊர் நிபுணர்கள் அதைக் குடைந்து பார்ப்பார்கள். தேறினால் தவணை தவணையாகப் பணம் வரும். பைசாவுக்குக் கணக்கு காட்ட வேண்டும். ஆராய்ச்சி தோற்றாலும் தோற்றது என்று எழுத வேண்டும்!

நம் ஊர் தர்மவான்கள் தாராளமானவர்கள்தான். ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி உதவி கேட்டால் உடனே பணம் வரும். அந்தப் பிள்ளைக்கு மருந்து வாங்க அது அவசியம். ஆனால் 'ஆராய்ச்சிக்கு' என்றால் ரசீது புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. அடுத்த வருடம் வரப்போகும் பிள்ளைக்குப் படம் கிடையாதே!

கோரிமேட்டில்...

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசுதான் ஜிப்மர். இங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வருகிறவர்கள் ஏராளம். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை 2 முதல் 3 வருடம் ஓடும். முதல் மாதத்திலேயே காய்ச்சல் நின்று பிள்ளை ஓடி விளையாடும். "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு ஊசி?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். தகப்பனுக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் சார்ஜ் வேறு. பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதத்தில் நோய் திரும்ப வரும். அப்போது முதலில் கேட்ட மருந்துகூடக் கேட்காது.

மும்பை டாட்டா ஆஸ்பத்திரியில் இதையே ஆராய்ந்தார்கள். 2009-ல் 100-க்கு 20 குழந்தைகள் வரை சிகிச்சையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தங்க இடம், சத்துணவு, பணம், பேசித் தைரியம் சொல்ல ஆள் என்று தர்மப் பணத்தில் ஏற்பாடு செய்ததும் சில வருடத்தில் அது 5-க்குக் கீழே இறங்கியது. புது மருந்தால்கூட இவ்வளவு உயிர் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

2016 முதல் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, சண்டிகர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, ரத்தப் புற்றுநோய் மருந்தின் கடுமையைக் குறைத்தும் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியுமா என்று பெரிய பரிசோதனை நடத்தின. 2030-க்குள் உலகத்தில் எங்கே பிறந்த குழந்தையானாலும் 100-க்கு 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் குறி வைத்தது. 2021-ல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு மருந்து போய்ச் சேர 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அந்த ஆஸ்பத்திரியும் நன்கொடையில் நடப்பதே.

இப்படிப்பட்ட மானியத்தில் என்னவெல்லாம் வாங்குவார்கள் என்று பட்டியல் பார்த்தால் மைக்ராஸ்கோப், ரசாயனம், குளிர்பெட்டி எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு சம்பளமும் இருக்கும். அந்த ஆளின் வேலை, தேதிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு போன் போடுவது.

"அம்மா, செவ்வாக்கிழமை ஊசி இருந்துச்சே... ஏம்மா வரலை? பையன் எப்படி இருக்கான்?"