பாலுக்கு மாற்று எங்கே?

போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளில் ஏலக்காய் விளைகிறது. மலையடிவாரத்தில் பொட்டிபுரம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. அப்படி ஓர் ஊரில், 45 வயதான உங்கள் பெரியப்பா ஒருநாள், "இனிமேல் எனக்குப் பால், தயிர், மோர், நெய் எதுவும் வேண்டாம். முட்டை, கறி, மீனும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன நடக்கும்? "இந்த வயசுக்கு மேலே இது தேவையா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று பெரியம்மா கேட்பார் அல்லவா? நியாயமான கேள்விதான். அறிவியல் இதற்கு என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போமா?

விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்ணாத முறைக்கு 'வீகன்' உணவு என்று பெயர். தமிழில் இதை 'நனிசைவம்' என்று சொல்கிறார்கள். 'வீகன்' என்ற சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தது. ஆனால் அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, நடுவயதில் இந்தச் சோதனையைத் தம் உடம்பிலேயே செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் காந்தியடிகள்.

டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு சோதனை

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே 1910இல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. மாடுகளைக் கறப்பதற்காகச் செய்யப்படும் கொடுமைகளைப் பற்றிப் படித்த காந்தியடிகள், 1912இல் அந்தப் பண்ணையில் பால் குடிப்பதை விட்டார். நண்பர் காலன்பாக்கும் அவருடன் சேர்ந்துகொண்டார். அப்போது காந்தியடிகளுக்கு வயது 43ஐ ஒட்டியிருந்தது. சமைத்த உணவையும் விட்டார்கள். நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே அவர்களுடைய அன்றாட உணவாயின.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1918இல் குஜராத்தில் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து அலைந்துகொண்டிருந்தபோது, காந்தியடிகள் கடுமையான வயிற்றுக்கடுப்பால் படுத்துவிட்டார். உடல் எலும்பும் தோலுமாயிற்று. பால் குடித்தாலன்றி உடம்பைத் தேற்ற முடியாது என்று மருத்துவர் சொன்னார். விரதத்தை விட அவர் மறுத்தார். "நீங்கள் பசு, எருமைப் பாலைத்தானே விட்டீர்கள்? ஆட்டுப்பால் குடிக்கலாமே" என்ற யோசனையைக் கஸ்தூரிபா எடுத்துக் கொடுத்தார். காந்தியடிகள் இணங்கினார். ஆனால் அது கடைசி வரை அவர் மனத்தை உறுத்தியது. பாலுக்கு ஈடான தாவர உணவு ஒன்றைத் தெரிந்தவர்கள் தமக்குச் சொல்லுமாறு தம் சுயசரிதையிலேயே கேட்டுக்கொண்டார்.

விடை ஏன் கிடைக்கவில்லை?

காந்தியடிகள் பாலை விட்ட அதே 1912இல்தான் காசிமிர் ஃபங்க் என்ற அறிவியலறிஞர் 'வைட்டமின்' என்ற சொல்லையே உருவாக்கினார். உணவில் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு தவிர, மிகச் சிறிய அளவில் தேவைப்படும் பொருள்களும் உண்டு என்பது அப்போதுதான் மெல்ல விளங்கத் தொடங்கியிருந்தது.

அடுத்த பெரும் பகுதி ரத்தசோகையிலிருந்து வெளிப்பட்டது. ஒருவகைக் கொடிய ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஈரலை உண்ணக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட், மர்ஃபி இருவரும் காட்டினார்கள். ஈரலில் இருக்கும் அந்தப் பொருள் என்ன? 22 ஆண்டுகள் தேடினார்கள். 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதைச் சிவப்புப் படிகங்களாகப் பிரித்தெடுத்தார்கள். அதுவே வைட்டமின் பி-12. அந்த ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் மறைந்துவிட்டார். அவர் கேட்ட கேள்வியின் முக்கியமான விடை சில மாதங்கள் பிந்தி வந்தது!

பி-12 மூலக்கூறின் நடுவே கோபால்ட் என்னும் உலோக அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இதன் அமைப்பைக் கண்டறிந்த டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964இல் நோபல் பரிசு பெற்றார். இதைத் தயாரிக்கும் திறமை தாவரங்களுக்கும் இல்லை, விலங்குகளுக்கும் இல்லை. சில நுண்ணுயிர்களுக்கே உண்டு. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செய்து கொடுப்பதுதான் பாலுக்கு வருகிறது.

ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய பி-12 ஏறத்தாழ இரண்டரை மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்! நம் ஈரல் இதைச் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைத்திருக்கும். ஆகவே, பாலை நிறுத்தியதும் ஒன்றும் தெரியாது. சேமிப்பு கரைந்த பிறகு களைப்பு, கை கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி ஆகியவை வரலாம். கவனிக்காமல் விட்டால் நரம்புகளில் நிலையான கேடு உண்டாகும்.

நடுவயதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வயது ஏற ஏறச் சிலருக்கு இரைப்பையில் அமிலம் சுரப்பது குறைகிறது. உணவிலிருந்து பி-12ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். ஆகவே, நனிசைவத்துக்கு மாறும் பெரியவர்கள் பி-12 மாத்திரையோ, பி-12 சேர்த்த உணவோ எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டாயம். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு, ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. இந்த மாத்திரைக்கான வைட்டமினை நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். மாடு வேண்டியதில்லை.

மற்றவை சமையலறையிலேயே உண்டு

பாலின் மற்றச் சத்துகளுக்கு நாம் திண்டாட வேண்டியதில்லை. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம்! 100 கிராம் நிலக்கடலையில் புரதம் சுமார் 25 கிராம். பாலில் 3 கிராமுக்குச் சற்றே அதிகம்.

ஆனால் சத்து இருந்தால் மட்டும் போதுமா? உடம்பில் சேர வேண்டாமா? தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறைகிறது. கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைத்ததும், பயறை முளைகட்டியதும், இட்லி மாவைப் பொங்கவிட்டதும் எவ்வளவு நல்ல வேதியியல் பார்த்தீர்களா? பயறுடன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஆகவே, சோறும் பருப்பும் ஒன்றுக்கொன்று துணை.

பெரியப்பா திடீரென்று மொச்சையும் கொண்டைக்கடலையுமாகச் சாப்பிடத் தொடங்கினால் வயிறு உப்பிக்கொள்ளும். பயறுகளிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளை நம் குடலால் செரிக்க முடியாது. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று வாயுவை வெளியிடுகின்றன. இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாக வேகவைத்தால் தொல்லை குறையும். அளவையும் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

செய்து பாருங்கள்

பாலில்லாமல் தயிர் உறையுமா? ஒரு கைப்பிடி பச்சை நிலக்கடலையை இரவில் ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து, புது நீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் துணையோடு அதைக் கொதிக்கவைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். உறைமோருக்குப் பதிலாக, கழுவிய பச்சைமிளகாய்க் காம்புகள் நாலைந்து போட்டு மூடிவையுங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் கடலைப்பாலின் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். ஒரு பாத்திரத்தில் காம்பு போட்டும், இன்னொன்றில் போடாமலும் வைத்து, எது எத்தனை மணி நேரத்தில் உறைகிறது என்று குறித்து வாருங்கள். வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் நேரம் வேறுபடுகிறதா? நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தத் தயிர் புளிக்கும், ருசிக்கும். ஆனால் இதை நம்பிப் பி-12 மாத்திரையை விட முடியாது. தயிர் உறையவைக்கும் நுண்ணுயிர் வேறு, பி-12 செய்யும் நுண்ணுயிர் வேறு. உங்கள் பெரியப்பாவுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது இனி உங்கள் பொறுப்பு!